நெடுவலுக்கு வைத்த விளக்குகள்

சுடச்சுட வெளியே வரும் காகிதத்துக்கு ஒரு மணம் உண்டு. அப்போதுதான் அயன் பண்ணிய பள்ளிச் சட்டையின் மணம் என்று சொல்லலாம், ஆனால் அதற்குள் கொஞ்சம் மையும், சூடேறிய தூசியும், அப்பா மேசையில் மறந்து வைத்த இஞ்சித் தேநீரும் கலந்திருக்கும். லா ஷப்பேலில், பிரெஞ்சுத் தலைநகரின் மெத்ரோ ரயில் தரைக்குக் கீழே போகாமல் பாலத்தின் மேல் ஓடுகிற அந்த இடத்துக்கு நாலு கடை தள்ளி, அப்பாவின் "பிறின்ரிங் கடை" இருந்தது. பாலத்தில் வண்டி போகும்போதெல்லாம் கண்ணாடி நடுங்கும், கண்ணாடி நடுங்கினால் மேசையில் அடுக்கியிருக்கும் கார்டுகளும் மெல்ல நடுங்கும். காகிதத்துக்கு உயிர் இருக்கிறது என்று பத்துப் பதினொரு வயதுவரை நான் நம்பியதற்கு மெத்ரோ கொம்பனிதான் பொறுப்பு.

நாங்கள் இருந்தது நகரத்துக்கு வெளியே, ஸ்தேனில். அம்மாவுக்கு சனிக்கிழமைகளிலும் வேலை இருந்ததால் நான் அப்பாவோடு தொற்றிக்கொண்டு கடைக்கு வந்துவிடுவேன். கலியாணக் கார்டு, பெண்பிள்ளை பெரியவளானதற்கு அடிக்கும் சாமத்திய வீட்டுக் கார்டு, பிறந்தநாள் கார்டு எல்லாம் அந்தக் கடையில்தான் பிறந்து தபாலில் போயின. நாலாவது வகை ஒன்று இருந்தது. அது தபாலில் போகாது, கடைக் கண்ணாடிகளுக்குத்தான் போகும். முட்டை வடிவத்துக்குள் ஒருவருடைய படம், பின்னால் நீல வானமும் மேகமும், இரண்டு பக்கமும் சுடர் எரியும் குத்துவிளக்கு, கீழே ஒரு வெள்ளைத் தாமரை. மரக்கறிக் கடைக் கண்ணாடியிலும் நகைக்கடைக் கண்ணாடியிலும் அது ஒட்டியிருக்கும். வீதியில் சத்தம் போட்டுக்கொண்டு வருகிறவர்கள் அதற்கு முன்னால் வந்ததும் நின்று, படத்தைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எப்பவாம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். மிகப் பெரிய மனிதர்களுக்குத்தான் இந்த மரியாதை கிடைக்கிறது என்று நான் நினைத்திருந்தேன். யாரும் எனக்கு எதையும் விளக்கியதில்லை, நானும் கேட்டதில்லை.

எங்கள் கடை இருந்த கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு மாலி நாட்டுக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டின் ஒரே பிள்ளை இத்ரிஸா. நான் பிறப்பதற்கு முன்பே அவர் வடக்கே ஒரு நகரத்தில் தொழில்முறைக் கூடைப்பந்து ஆடப் போய்விட்டார். அவரைத் தொலைக்காட்சியில் பார்த்ததுதான் அதிகம். விடுமுறைக்கு வரும்போது மட்டும் கடை வாசலில் குனிந்து, பிறகு இன்னும் கொஞ்சம் குனிந்து, உள்ளே வருவார். எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயர் "நெடுவல்", நெட்டையன் என்பதற்கு எங்கள் ஊர்க் கேலிச் சொல். முகத்துக்கு நேரேயே அப்படிக் கூப்பிடுவார்கள், அவரும் சிரித்துக்கொண்டு திரும்புவார். எனக்கு ஏழு வயதாக இருந்தபோது ஒருமுறை அதற்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டார். அப்பா அம்மாவுக்காக அரசாங்கக் கந்தோர்களில் மொழிபெயர்த்துப் பழகிய பிள்ளை நான், எதை எப்படிச் சொன்னால் பெரியவர்களுக்குப் பிரச்சினை வராது என்று எனக்குத் தெரியும். "உயரமான ராஜா" என்றேன்.

அவருடைய அம்மாவைத் தெருவே "மமா" என்றது. மூன்று நாளைக்கு ஒருமுறை பக்கத்துக் கடையில் வெண்டிக்காய் வாங்க வருவார். அந்த மரக்கறிக் கடைக்காரர் குணம் மாமா. வெண்டிக்காயின் நுனியை ஒவ்வொன்றாக முறித்துப் பார்க்க அவர் கடையில் மமா ஒருவருக்குத்தான் அனுமதி இருந்தது. மற்றவர்கள் முறித்தால் குணம் மாமா கத்துவார்.

நெடுவலின் ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு மத்தியானங்களில் குணம் மாமாவின் கடைக்குப் பின்னால், உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு நடுவில், ஒரு சின்னத் தொலைக்காட்சிக்கு முன்னால் பத்துப் பேர் நெருக்கிக்கொண்டு பார்ப்போம். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் கூடைப்பந்தின் சட்டதிட்டம் தெரியாது. எல்லாரும் வொலிபோல் பைத்தியங்கள். நெடுவலுக்குப் பந்து கிடைத்தால் கைதட்டுவார்கள், நெடுவல் பிழை செய்து நடுவர் விசில் அடித்தால் அதற்கும் கைதட்டுவார்கள். நான் மட்டும் பள்ளியில் கொஞ்சம் ஆடியிருந்தபடியால் அவர் என்ன செய்கிறார் என்பது புரியும். அவர் புள்ளி அள்ளிக் குவிக்கிற ஆள் இல்லை. மற்றவர்கள் எறிந்து தவறியதை எல்லாருக்கும் மேலே எழும்பிப் பறித்து, தரையில் கால் படும் முன்பே யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்திருப்பார். அந்தக் கொஞ்ச நேரம் அவர் மேலேயே நிற்பதுபோல எனக்குத் தோன்றும். பிற்காலத்தில் கனவுகளில்கூட அவர் இறங்கியதே இல்லை. பதினாறு வருடம் ஒரே கழகம், இரண்டு தடவை நாட்டின் கிண்ணம், ஒரு கோடைகாலம் முழுக்க நாட்டு அணியின் நீலச் சட்டை, கடைசி மூன்று வருடம் முழங்காலில் கறுப்புக் கட்டு.

இவை எல்லாவற்றையும்விட அவர் பேர் போனது ஒரு சின்னச் செய்கையால். பந்து தவறிக் காலில் பட்டு வெளியே போய்விட்டால், அவர் அதை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிவிட்டுத்தான் நடுவரிடம் கொடுப்பார். வர்ணனையாளர்கள் இதற்கு என்னென்னவோ விளக்கம் சொன்னார்கள். ஒருவர் ஆப்பிரிக்க வழிபாடு என்றார், இன்னொருவர் எதிரணியைக் குழப்பும் தந்திரம் என்றார். குணம் மாமாவின் உருளைக்கிழங்குச் சாக்குகளில் இருந்த எங்களுக்குத்தான் விஷயம் தெரியும். நெடுவல் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் பழைய கார்டு கேட்டுக் கடைக்குள் ஓடிவந்தவர், தரையில் காயவைத்திருந்த கலியாணக் கார்டுகளை மிதித்துவிட்டார். "ஐயோ" என்று கத்திய அப்பாவுக்கு அப்போது பிரெஞ்சில் ஐந்து சொல்கூடத் தெரியாது. ஆகவே மிதிபட்ட கார்டைத் தானே தொட்டுக் கண்ணில் ஒற்றிக் காட்டினார். அவரும் அப்படியே செய்துவிட்டுப் போனார். அதைப் பந்துக்கு எப்போது கொண்டுபோனார், ஏன் கொண்டுபோனார் என்பது எங்களுக்குத் தெரியாது. ஒரு பேட்டியில் கேட்டபோது, "லா ஷப்பேலில் எல்லாரும் அப்படித்தான்" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லாரும் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்கள்.

எனக்குப் பதினொரு வயதான அந்த வசந்தத்தில், "நெடுவல் ரெத்ரேத் எடுக்கிறாராம்" என்று செய்தி வந்தது. முழங்கால் இனி ஒத்துழைக்காதாம், ஆட்டத்தை விடுகிறாராம். ஒரு சனிக்கிழமை நண்பகல் ரயிலில் கார் து நோர் ஸ்டேசனுக்கு வருகிறார் என்று மமா சொன்னதும், தெருக்காரர்கள் கூடி, அவர் முதன்முதலில் பந்து தட்டிய மெத்ரோப் பாலத்தடி மைதானத்தில் மூன்று மணிக்கு வரவேற்பு வைப்பது என்று முடிவு செய்தார்கள். அறிவித்தல் அடிப்பது அப்பாவின் பொறுப்பு. அவர் இரண்டு இரவு யோசித்து எழுதிக் கணினியில் தட்டி வைத்திருந்தார். அன்று காலையில் திரான்சியில் ஒரு கலியாண மண்டபத்துக்குக் கார்டுகள் கொடுக்க ஓடவேண்டி இருந்ததால், வாசலில் நின்றபடி என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நல்ல வடிவான போடர் ஒண்டு பாத்துப் போட்டு, முப்பது அடிச்சு, கடையளிலை ஒட்டிவிடு. நான் பன்ரெண்டுக்கு முதல் வந்திடுவன்."

வடிவான போடர், அதாவது எழுத்தைச் சுற்றிப் போடும் அழகான அலங்காரக் கரை. நான் கணினியில் எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். கலியாணத்தில் நாதஸ்வரமும் வாழைமரமும் இருந்தன, சாமத்திய வீட்டில் மயில், பிறந்தநாளில் கரடிக்குட்டி. அந்த ராஜாவுக்கு இவை ஒன்றும் பொருந்தவில்லை. பிறகு நாலாவதைத் திறந்தேன். வானம், மேகம், தாமரை, இரண்டு விளக்கு. மிகப் பெரிய மனிதர்களுக்கு மட்டும் கொடுக்கிற மரியாதை இதோ இருக்கிறதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோசம். படத்தை முட்டை வடிவத்துக்குள் வைத்தேன். கலர் மை முடிந்திருந்ததால் படம் கறுப்பு வெள்ளையில் வந்தது, அதுவும் இன்னும் கம்பீரமாகத்தான் தெரிந்தது. முப்பதும் சூடாக வந்து விழுந்தன. எடுத்துக்கொண்டு போய், ஆட்கள் சாமான் இறக்குவதிலும் கதவு திறப்பதிலும் மும்முரமாக இருந்த நேரத்தில், கடை கடையாக வெளிக்கண்ணாடியில் ஒட்டினேன். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். முழுத் தெருவிலும் நெடுவல் மேகத்துக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

முதலில் தையல் கடை ரெஜினா அன்ரி வந்தார். மன்னார்க்காரர், ஜெபமாலை இல்லாமல் வெளியே கிளம்பாதவர், அன்றைக்கென்று மூக்குக்கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார். "என்ரை யேசுவே, எங்கட நெடுவலுமோ!" என்று வாயில் கைவைத்தார். பூக்கடைப் பொடியன் ஒரு மாலையைக் கொண்டுவந்து குணம் மாமாவின் கண்ணாடியில் இருந்த படத்துக்குப் போட்டான். யாரோ மெழுகுதிரி ஏற்றினார்கள். கீழே அப்பா எழுதியிருந்ததை ஒருவரும் வாசிக்கவில்லை. விளக்கைக் கண்ட பிறகு யார் எழுத்தை வாசிக்கிறார்கள்? எல்லாரும் நின்றார்கள், படத்தைப் பார்த்தார்கள், "எப்பவாம்?" என்று மெதுவாகக் கேட்டார்கள். நான் கேட்ட மரியாதை கிடைத்துக்கொண்டிருந்தது. ஆனால் ரெஜினா அன்ரி அழுததைப் பார்த்ததும்தான், அந்த விளக்குகள் செத்தவர்களுக்கு வைப்பவை என்று எனக்கு விளங்கத் தொடங்கியது.

அப்போதுதான் மமா வெண்டிக்காய் வாங்க வந்தார்.

மமாவுக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் எங்கள் கட்டடத்தில், எங்கள் கண்ணாடிகளுக்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் நடந்தவருக்கு அந்த விளக்குகள் என்ன சொல்கின்றன என்பது, அந்தக் கடைக்குள்ளேயே வளர்ந்த என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் படத்தைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். பிறகு கூடையைக் கவனமாகத் தரையில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் தானும் நடைபாதையில் உட்கார்ந்தார். சத்தம் வரவில்லை.

நான் ஓடிப்போய் அவர் முன்னால் முழங்காலில் இருந்து, இது பிழை, நான்தான் செய்தேன், அவர் ரயிலில் வந்துகொண்டிருக்கிறார் என்று பிரெஞ்சில் கொட்டினேன். மமா என் தலையைத் தடவினார். "பிள்ளைகளை விட்டு இப்படித்தான் சொல்லவைப்பார்கள்" என்றார். "ஊரில் என் தகப்பன் செத்தபோதும் எனக்கு முதலில் ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள்." குணம் மாமா இப்போதுதான் எழுத்தை வாசித்துவிட்டு, "பிழை, மமா, பிழை, அவர் இருக்கிறார்" என்று தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கதறினார். மமா நம்பவில்லை. மகனின் போனுக்கு அடித்தார். போன் எடுபடவில்லை. மறுபடியும் அடித்தார். ஒரு உயிரோடு இருக்கிற மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று அந்தத் தாய்க்குக் காட்ட அவ்வளவு பெரிய தெருவில் ஒருவராலும் முடியவில்லை.

வெறும் பெட்டிகளோடு வந்த அப்பா கூட்டத்தைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். "என்ன பிள்ளை செய்து போட்டாய்" என்று மட்டும், யாருக்கும் கேட்காத மாதிரிச் சொன்னார். அடித்திருக்கலாம். மமாவைக் கைத்தாங்கலாக எங்கள் கடைக்குள் கொண்டுவந்து கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்தார். பிறகு எங்கள் வாசல் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவித்தலைப் பிய்த்தெடுத்தார். அவசரத்தில் அது நழுவி வாசலடியில் விழுந்தது.

அதே நேரம் வாசல் இருண்டது. நெடுவல் குனிந்து, இன்னும் கொஞ்சம் குனிந்து, தோளில் பையோடு உள்ளே வந்தார். போனில் சார்ஜ் இல்லாமல், ஸ்டேசனில் இருந்து நடந்து வந்திருக்கிறார். வழி நெடுகத் தமிழர்கள் தன்னைக் கண்டு விலகி நின்றதற்கும், ஒரு அன்ரி கையில் கிள்ளிப் பார்த்ததற்கும் காரணம் விளங்காமல், கடைக் கண்ணாடிகளைக்கூடப் பார்க்காமல் வந்திருக்கிறார்.

மமா எழும்பினார். மகனின் நெஞ்சளவுக்குத்தான் அவர் உயரம். இரண்டு கையாலும் அந்த நெஞ்சில் அடித்தார், அடித்துக்கொண்டே அழுதார். அப்போதுதான் அவருக்குச் சத்தம் வந்தது. நாங்கள் எல்லாரும் அழுதோம், குணம் மாமா வெட்கமில்லாமல் சாக்கால் மூக்கைத் துடைத்தார்.

அம்மாவைத் தாங்க ஒரு அடி முன்னே வந்த நெடுவலின் சப்பாத்து அந்த அறிவித்தலின் மேல், தன் முகத்தின் மேலேயே பட்டது. அவர் கீழே பார்த்தார். பழுதான முழங்காலை மெல்ல மடித்துக் குனிந்து, காகிதத்தை எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றினார். பிறகுதான் அதில் என்ன இருக்கிறது என்று பார்த்தார். விளக்கு, மேகம், தாமரை. அவரும் அந்தத் தெருவில் வளர்ந்தவர்தானே. நெடுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கிறது? எல்லாவற்றையும் சொல்லு" என்றார்.

நான் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் சொன்னேன். "எங்கள் தெருவின் நெடுவல். பாலத்தடியில் பந்து தட்டிய பிள்ளை. பதினாறு ஆண்டு ஓடினார். தான் எறிந்ததைவிட மற்றவருக்குக் கொடுத்ததே கூட. விழுந்தவனைத் தூக்கிவிடாமல் ஒருநாளும் கடந்து ஓடவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து, எங்களைப் பற்றி நல்லதாக ஒரு சொல் தொலைக்காட்சியில் கேட்டது இவர் வாயால். இன்று மூன்று மணிக்கு அவரைப் பார்க்க வாருங்கள்."

பாலத்தில் மெத்ரோ போனது, கார்டுகள் நடுங்கின. நெடுவல் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "முதல் வரியில் நெட்டையன் என்றாயே, ராஜா எங்கே போனார்?" என்று கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன், அப்பாவுக்கு விஷயம் புரியவில்லை.

அதைத் தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன் என்று அவர் சுருட்டியதும் மமா பிடுங்கிக்கொண்டார். "இந்த நெருப்பு என் வீட்டுக்குள் வராது" என்றார். பிறகு அந்த இரண்டு சுடரையும் விரலால் தொட்டுக் காட்டி என்னிடம் சொன்னார்: "இது எனக்கு வைக்கிறது. முதலில் எனக்கு. என் படத்துக்கு வைத்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். இவனுடையதை அணைத்துவிடு."

அணைத்தேன். பள்ளிப் பையிலிருந்த, எழுத்துப் பிழையை மறைக்கும் வெள்ளை "பிளாங்கோ" குப்பியை எடுத்து, மமா கையில் இருந்ததில் தொடங்கி, கடை கடையாகப் போய், முப்பது அறிவித்தலிலும் அறுபது சுடரை வெள்ளை பூசி மறைத்தேன். மாலையைக் கழற்றினேன், மெழுகுதிரியை ஊதினேன். குப்பி முடிந்ததும் ரெஜினா அன்ரி தன் தையல் சுண்ணாம்புக் கட்டியைத் தந்தார். மூன்று மணிக்குப் பாலத்தடியில் கூட்டம் நெருங்கி நின்றது. செத்துப் பிழைத்த மனிதரைப் பார்க்கப் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்துவிட்டார்கள். அப்பாவுக்கு அவர் தோள் எட்டாததால் பொன்னாடையை நான் கதிரையில் ஏறிப் போட்டேன். அன்றைக்கு அடித்த வெயில் எனக்கு ஞாபகம் இருக்கிறது, சுடாத வெயில்.

அதன் பிறகு அவர் செவ்ரானில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். இப்போது எந்த ஊர் மைதானத்துக்குப் போனாலும், காலில் பட்ட பந்தைக் கண்ணில் ஒற்றுகிற ஒரு பிள்ளையையாவது பார்க்கிறேன். ஏன் என்று கேட்டால் தெரியாது என்பார்கள், கூடைப்பந்தில் அப்படித்தான் என்பார்கள். கிண்ணங்கள் கழகத்தின் அலுமாரியில் எங்கேயோ இருக்கும். இது மட்டும் கை மாறிக் கை மாறிப் போய்க்கொண்டிருக்கிறது.

அப்பாவின் கடை இன்றைக்கு இல்லை. அந்த இடத்தில் போன் உறை விற்கிறார்கள், மெத்ரோ போகும்போது உறைகள் ஆடுகின்றன. கலியாணக் கார்டும் மரண அறிவித்தலும் போனிலேயே வந்து போனிலேயே மறைகின்றன, கண்ணாடிக்கு முன்னால் யாரும் நின்று குரலைத் தாழ்த்துவதில்லை. அப்பா ஸ்தேனில் தொலைக்காட்சியில் வொலிபோல் பார்க்கிறார். அன்றைய அறிவித்தலில் ஒன்று என்னிடம் இருக்கிறது, பிளாங்கோ காய்ந்து உதிரும் போதெல்லாம் நான் புதிதாகப் பூசிவிடுவேன்.

போன மாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, நெடுவல் என் வீட்டு வாசலில் குனிந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. மமா போய்விட்டார். பள்ளிவாசலில் சொல்லியாயிற்று, ஊரில் சொல்லியாயிற்று, லா ஷப்பேலுக்கு இன்னும் சொல்லவில்லை என்றார். அப்பாவின் பழைய கோப்புகள் என் கணினியில் இருந்தன. நாலாவதைத் திறந்தேன். முட்டை வடிவத்துக்குள் மமாவை வைத்தேன், வெண்டிக்காய் முறிக்கும்போது எப்படி உதட்டைக் கடிப்பாரோ அப்படியே இருந்தார். விளக்கை வைப்பதா என்று நான் நெடுவலைத் திரும்பிப் பார்த்தேன். அவர் திரையில் அந்த இரண்டு சுடரையும் விரலால் தொட்டார்.

"எரியட்டும்" என்றார். "முறைப்படிதான் வந்திருக்கிறது. அவர் கேட்ட மாதிரியே."

குணம் மாமாவின் மகன் நடத்தும் கடைக் கண்ணாடியில் அதை நாங்கள் இருவரும் ஒட்டினோம். கொஞ்ச நேரத்தில் எனக்குத் தெரியாத ஒரு அன்ரி, கையில் பையோடு, போனில் யாரோடோ சத்தமாகக் கதைத்துக்கொண்டு வந்தவர், விளக்கைக் கண்டதும் நின்றார். போனை இறக்கினார். படத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "எப்பவாம்?" என்று கேட்டார்.

நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். அதற்குள் நெடுவல் தன் உயரம் முழுவதையும் மடித்து அவர் முகத்தளவுக்குக் குனிந்து, தமிழிலேயே சொன்னார்.

"நேற்று."